கொள்ளைநோயும் உழவர் வாழ்வும்

மக்கள் வாழ்க்கைக்கு இடையூறாக வருவன பல. பெருமழை பெய்து ஏரிக்கரை உடைகிறது. மழை பொய்த்து நிலம் வெடிக்கிறது. வெட்டுக்கிளி திரண்டு வந்து பயிரைத் தின்கிறது. போர் மூண்டு ஊர் எரிகிறது. இவற்றால் விளையும் அழிவைக் கண்ணாற் காணலாம். கொள்ளைநோயோ அத்தகையதன்று. அது கதிர் ஒன்றையும் சாய்ப்பதில்லை. கிணற்று நீரை வற்றச் செய்வதில்லை. களஞ்சியத்து நெல்லில் ஒரு மணியையும் குறைப்பதில்லை. நோய் வருவதற்கு முன்னாள் இருந்த வயல் மறுநாளும் அவ்வாறே இருக்கின்றது. ஆயினும், கொள்ளைநோய் பரவிய காலங்களில் உழவன் விளைவித்த பொருள் விலைபோகாமல் அழுகியதும், அதே வேளையில் நகரத்து ஏழை உணவின்றி வாடியதும் வரலாறு கண்ட உண்மைகளாகும். விளைச்சல் இருந்தும் பசி வந்தது எதனால்? இவ்வினாவிற்கு விடை காண்பது ஒவ்வொரு நாட்டிற்கும் இன்றியமையாத கடமையாகும்.

உண்கலத்தில் விழும் ஒரு பிடி சோறு நெடுவழி கடந்து வந்ததாகும். அவ்வழியை ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி என்று கூறலாம். முதற்கண்ணி, நிலமும் நீரும் பருவமும். இரண்டாம் கண்ணி, உழைக்கும் கைகள். நாற்று நடுவோர், களை எடுப்போர், கதிர் அறுப்போர், மூட்டை தூக்குவோர் ஆகியோர் இதன்பாற்படுவர். மூன்றாம் கண்ணி, வழி. வண்டியும் லாரியும் இரயிலும் இதில் அடங்கும். நான்காம் கண்ணி, விற்போரும் வாங்குவோரும் கூடும் சந்தை. ஐந்தாம் கண்ணி, வாங்குவோன் கையிலுள்ள பொருள். இவ்வைந்தும் ஒருங்கே அமைந்தாலன்றிச் சோறு கலத்தை அடையாது. கொள்ளைநோய் முதற்கண்ணியைத் தீண்டுவதில்லை. ஆனால், ஏனைய நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒருங்கேயோ அறுக்க வல்லது. இந்திய நாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை இச்சோதனைக்கு உள்ளாயிற்று. 1918ஆம் ஆண்டு ஒன்று. 2020ஆம் ஆண்டு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் பல உண்மைகள் புலனாகும்.

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918ஆம் ஆண்டு சூன் திங்களில், இன்புளுயென்சா என்னும் நச்சுக்காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இந்தியாவிற்குள் புகுந்தது. அதன் முதற்பரவல் மென்மையாகவே சென்றது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் பரவலோ மிகக் கொடியதாயிருந்தது. இருப்புப்பாதை சென்ற இடமெல்லாம் அந்நோயும் சென்றது. சில திங்களுக்குள் 1 கோடியே 20 இலட்சம் பேருக்குக் குறையாமல் மடிந்தனர் என மதிப்பிடப்பட்டது. காய்ச்சல் நோய்கள் பொதுவாகக் குழந்தைகளையும் முதியோரையும் கொள்ளும். அந்நச்சுக்காய்ச்சலோ 20 முதல் 40 வயது வரையுள்ள, உடல்வலிமை மிக்க ஆடவரையும் பெண்டிரையும் பெரிதும் கொண்டுசென்றது. அவர்களே ஏர் பிடிப்பவர். அவர்களே நாற்று நடுபவர். 1911ஆம் ஆண்டுக்கும் 1921ஆம் ஆண்டுக்கும் இடையே இந்திய மக்கள்தொகை பெருகாமல் சற்றுக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வாறு குறைந்த பத்தாண்டு அதுவொன்றே.

நோய் தனித்து வரவில்லை. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வழக்கமாகப் பெய்யும் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. போர் காரணமாகக் கப்பல்களும் இரயில்களும் படைகளுக்கும் படைக்கலங்களுக்கும் உரியனவாயின. தானிய விலை ஏறிற்று. துணி விலையும் மண்ணெண்ணெய் விலையும் உடன் ஏறின. 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை நகரிலும் மாகாணத்தின் பிற இடங்களிலும் மக்கள் தானியக் கடைகளைச் சூறையாடும் அளவிற்கு நிலைமை முற்றியது. இந்நிலையிலேதான் நோயின் கொடிய பரவல் வந்து சேர்ந்தது. அஃது உச்சநிலையை அடைந்த அக்டோபர், நவம்பர்த் திங்கள்கள் வடநாட்டில் ஒரு போகத்தை அறுவடை செய்து அடுத்த போகத்திற்கு விதைக்க வேண்டிய காலமாகும். வீட்டிலுள்ளோர் அனைவரும் காய்ச்சலில் கிடக்கும்போது விதைப்பவர் யார்? அறுப்பவர் யார்? உணவு குறைந்த உடலில் நோய் எளிதில் வேரூன்றியது. நோயுற்ற உடல் உழைக்க இயலாமற் போனதால் உணவு மேலும் குறைந்தது. பசி நோயை வளர்த்தது. நோய் பசியை வளர்த்தது.

இந்நிகழ்ச்சி பிற்காலத்தில் பொருளியல் அறிஞரிடையே ஒரு பெரும் வாதத்திற்கு வித்தாயிற்று. இந்தியச் சிற்றூர்களில் தேவைக்கு மேற்பட்டோர் உழவில் ஈடுபட்டுள்ளனர். அவருட் சிலர் குறைந்தாலும் விளைச்சல் குறையாது என்று கருதியோர் பலர். அமெரிக்க அறிஞர் தியோடர் ஷுல்ட்சு 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். நச்சுக்காய்ச்சலால் உழவில் ஈடுபட்டோர் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தனர் என்றும், 1919-20ஆம் ஆண்டில் பயிரிடப்பட்ட நிலப்பரப்பு 1916-17ஆம் ஆண்டைவிட 3.8 விழுக்காடு குறைந்திருந்தது என்றும் அவர் கணக்கிட்டார். உழைக்கும் கை குறைந்தால் பயிரும் குறையும் என்பது அவர் முடிபு. வங்கத்து அறிஞர் அமர்த்தியா சென் 1967ஆம் ஆண்டில் அக்கணக்கைத் தடைசெய்து எழுதினார். கொள்ளைநோயின் சாவு எல்லா வீடுகளிலும் சமமாக நிகழ்வதன்று. ஒரு வீட்டை வெறுமையாக்கி, அடுத்த வீட்டைத் தொடாமலும் விடும். ஆகையால், அதனைக் கொண்டு பொதுவிதி காண்பது எளிதன்று. வாதத்தில் வென்றவர் எவராயினும், ஓர் உண்மை தெளிவு: உழுபவன் மடிந்த வீட்டின் நிலம் தானே தன்னை உழுதுகொள்வதில்லை.

நூறாண்டு கழிந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டின் ஊகான் நகரில் வெளிப்பட்ட கொரோனா என்னும் தீநுண்மி, சில திங்களுக்குள் உலகெங்கும் பரவியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அதனை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. நோய் பரவாமற் காக்கும்பொருட்டு, மார்ச்சு 24ஆம் நாள் நள்ளிரவு முதல் 21 நாள் இந்தியா முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. பின்னர் அது மே இறுதிவரை நீண்டது. 1918ஆம் ஆண்டில் நோயே உழவனைக் கட்டிலில் வீழ்த்தியது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ, நோய் சிற்றூர்களை எட்டுவதற்கு முன்னரே, நோய்க்கு அஞ்சி எழுப்பப்பட்ட வேலி உழவனை வந்து தடுத்தது.

ஊரடங்கு வந்த காலத்தை நோக்குதல் வேண்டும். பஞ்சாபிலும் அரியானாவிலும் கோதுமை முற்றிக் கதிர் பொன்னிறம் கொள்ளும் வேளை அது. தமிழ்நாட்டில் தர்ப்பூசணி கொடியில் பழுத்துக் கிடந்தது. மாமரங்களில் காய் திரண்டு வந்தது. வாழை தார் ஈன்றிருந்தது. மல்லிகை மிகுதியாகப் பூக்கும் கோடையும் தொடங்கியிருந்தது. மார்ச்சு 27ஆம் நாளே உழவுத்தொழிலுக்கும் அறுவடைப் பொறிகளுக்கும் கொள்முதல் நிலையங்களுக்கும் நடுவணரசு விலக்கு அளித்தது. ஆயினும், ஆணை பிறப்பித்தல் எளிது. அவ்வாணை சாலையில் நிற்கும் ஒவ்வொரு காவலரையும் சென்று சேர்தல் அரிது. லாரிக்குச் செல்ல இசைவு கிடைத்தது. ஆனால், ஓட்டுநர் உண்ணும் வழியோரக் கடைகள் மூடிக் கிடந்தன. சக்கரம் பழுதுபட்டால் செப்பனிடுவார் இலர். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியுடன் திரும்புவதற்கும் பலர் அஞ்சினர். இவ்வாறு மூன்றாம் கண்ணியாகிய வழி நலிந்தது.

நெல்லும் கோதுமையும் காத்திருக்கும், தக்காளி காத்திராது. ஊரடங்கின் முழுச்சுமையும் விரைவில் அழுகும் பொருள்களை விளைவித்தோர் தலைமேலேயே விழுந்தது. பறிக்கும் கூலிக்கும் ஏற்றும் கூலிக்கும் கட்டுபடியாகாத விலைக்குத் தர்ப்பூசணி கேட்கப்பட்டது. பலர் அதனை நிலத்திலேயே விட்டுவிட்டனர். மலர் விளைவித்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கோயில்கள் அடைக்கப்பட்டன; திருமணங்கள் தள்ளிவைக்கப்பட்டன அல்லது சிலரைக் கொண்டு எளிமையாக நடைபெற்றன. மதுரைச் சித்திரைத் திருவிழாவும் அவ்வாண்டு மக்கள் கூட்டமின்றிக் கழிந்தது. வாங்குவோர் இல்லையென்று மல்லிகை பூவாதிருக்குமோ? செடியின் நலம் கருதி மொட்டுகளைக் கூலி கொடுத்துப் பறித்துக் குப்பையில் கொட்டியவர் பலர்.

வழியைப் போன்றே சந்தையும் அறுந்தது. சென்னைக் கோயம்பேட்டில் 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மொத்த விற்பனை அங்காடி, காய்கறி, கனி, மலர் ஆகியவற்றிற்குத் தலைநகரின் வாயிலாக விளங்குவது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரம், கருநாடகம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் அங்கே நள்ளிரவில் லாரிகள் வந்து சேரும். சுமை தூக்குவோரும் சில்லறை வணிகரும் தோளோடு தோள் உரச நெருங்கி நிற்கும் அவ்விடத்தில் நோய் எளிதில் பற்றியது. அங்கிருந்து ஊர் திரும்பியோர் வாயிலாக மாவட்டங்களுக்கும் அது பரவியது. எனவே, 2020ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அங்காடி மூடப்பட்டது. அம்மாதத்திலேயே காய்கறி வணிகம் திருமழிசைக்கும், கனி, மலர் வணிகம் மாதவரத்திற்கும் மாற்றப்பட்டன. செப்டம்பரிலேதான் பழைய அங்காடி படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது. நகரத்தின் உணவு முழுவதும் ஒரே வாயில் வழியாக வருமாயின், அவ்வாயில் அடைபடும் நாளில் உள்ளே இருப்பவனும் துன்புறுவான். வெளியே சுமையுடன் நிற்பவனும் துன்புறுவான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நோயினும் விரைவாகப் பரவுவது வதந்தி. கோழிக்கறியாலும் முட்டையாலும் கொரோனா தொற்றும் என்னும் பொய்ச்செய்தி ஊரடங்கிற்கு முன்னரே நாடெங்கும் பரவிற்று. அதில் உண்மை சிறிதும் இல்லை என்று அரசும் மருத்துவரும் எடுத்துரைத்தனர். ஆயினும், முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் விலை பெரிதும் வீழ்ந்தது. சத்துணவு மிகுதியும் வேண்டப்பட்ட காலத்திலேயே மலிவான சத்துணவை மக்கள் ஒதுக்கினர். உழவனுக்கு இழப்பு, உண்போனுக்கும் இழப்பு. பொய்ச்செய்தியால் ஆதாயம் அடைந்தவர் ஒருவரும் இலர்.

பால் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. தேநீர்க் கடைகளும் உணவகங்களும் இனிப்பகங்களும் மூடப்பட்டதால் பாலின் தேவை திடீரெனக் குறைந்தது. மாடு மட்டும் கறப்பதை நிறுத்தவில்லை. தனியார் பலர் கொள்முதலைக் குறைத்தபோது, கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர் கொணர்ந்த பாலைத் திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொண்டன. மிகுந்த பாலைத் தூளாகவும் வெண்ணெயாகவும் மாற்றிச் சேமித்தன. சேமிக்கும் வகையும் அதற்கேற்ற அமைப்பும் இருந்தமையால் பால் மாடு வளர்த்த எளிய குடும்பங்கள் பல காக்கப்பட்டன. தக்காளிக்கும் தர்ப்பூசணிக்கும் அத்தகைய அமைப்பு இல்லை.

இனி, உழைக்கும் கைகளைப் பற்றி ஆராய்வோம். பஞ்சாபில் நெல் நாற்று நடுவோருட் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ஆண்டுதோறும் வருபவர். ஊரடங்கால் வேலை இழந்தோர் இலட்சக்கணக்கில் சொந்த ஊர் நோக்கி நடந்தனர். சூன் திங்களில் நடவுக்கு வர வேண்டியோர் வந்திலர். நடவுக் கூலி ஏறிற்று. ஆதலின், பஞ்சாப் உழவர் பல இலட்சம் ஏக்கரில் நாற்று நடுவதை விடுத்துப் பொறிகொண்டு நேரடியாக விதைக்கும் முறையை மேற்கொண்டனர். நீரைச் சேமிக்கும் அம்முறையை அறிஞர் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்தும் பரவாதிருந்தது. இடர்ப்பாடு வந்தபோது ஒரே பருவத்தில் பரவிற்று. இக்குறை இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. செருமனி நாடு அவ்வாண்டு ஏப்பிரலில், அஸ்பாரகஸ் என்னும் தண்டுக்காயை அறுப்பதற்கு, உருமேனியாவிலிருந்து கூலியாட்களை விமானத்தில் வரவழைத்தது. செல்வம் மிக்க நாடும் தன் வயலில் குனிந்து நிற்கும் ஏழையின் முதுகை நம்பியே உண்கிறது என்பதை உலகம் அன்று அறிந்தது.

ஐந்தாம் கண்ணியாகிய கைப்பொருள் அறுந்ததே துன்பங்கள் அனைத்திலும் பெரிது. நாட்கூலி பெறுவோனுக்கு ஊரடங்கின் முதல் நாளே வருவாயற்ற நாள். கடையில் அரிசி இருந்தது. அவன் மடியில் காசு இல்லை. பஞ்சம் என்பது பெரும்பாலும் உணவு இன்மையால் வருவதன்று. உணவைப் பெறும் உரிமையும் ஆற்றலும் சிலருக்கு இல்லாது போவதால் வருவது என்று அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அக்கருத்தின் உண்மையை நெடுஞ்சாலையில் மூட்டை முடிச்சுகளுடன் நடந்த குடும்பங்கள் மெய்ப்பித்தன. அவர்களுட் பலருக்கு உணவுப் பங்கீட்டு அட்டை இருந்தது. ஆனால், அது சொந்த ஊரில் இருந்தது. வேலை செய்த ஊரில் அவ்வட்டை செல்லாது.

இவ்வளவு துன்பத்திற்கிடையேயும் 1918ஆம் ஆண்டின் சூறையாடலும் பெரும்பஞ்சமும் 2020ஆம் ஆண்டில் நிகழவில்லை. அதற்குக் காரணம், முன்னரே நிரம்பியிருந்த களஞ்சியங்களாம். இந்திய உணவுக் கழகம் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. அன்று தொடங்கிய கொள்முதலும் சேமிப்பும் பசுமைப் புரட்சியின் துணையால் வளர்ந்து, 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் அரிசியும் கோதுமையுமாக 500 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கையிருப்பாக நின்றன. அந்நாளில் இருக்க வேண்டிய குறைந்த அளவு 210 இலட்சம் டன்னே. அவ்விருப்பைக் கொண்டு ஏறத்தாழ 80 கோடி மக்களுக்குத் திங்கள்தோறும் ஆளுக்கு 5 கிலோ தானியம் விலையின்றி வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அரிசி பெறும் அட்டைதாரர் ஒவ்வொருவருக்கும் 1,000 ரூபாயும் ஏப்பிரலில் அளிக்கப்பட்டது. தெருக்கோடியிலுள்ள பங்கீட்டுக்கடையே அந்நாளில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தது.

களஞ்சியத்தை எடுத்து வழங்குவது மட்டுமன்றி, மீண்டும் நிரப்புவதும் வேண்டுமன்றோ? பஞ்சாபில் கூட்டம் சேராதிருக்கக் கொள்முதல் நிலையங்கள் ஏறத்தாழ 1,800லிருந்து 4,000 வரை பெருக்கப்பட்டன; இன்ன நாளில் இன்ன உழவர் வரலாம் என்று முன்னரே சீட்டுகள் வழங்கப்பட்டன. அவ்வாண்டு நாடு முழுவதும் 389 இலட்சம் டன் கோதுமை கொள்முதல் செய்யப்பட்டது. அதற்குமுன் எந்த ஆண்டிலும் அவ்வளவு கொள்ளப்படவில்லை. தமிழ்நாட்டில் எட்டாண்டுகளுக்குப் பின் மேட்டூர் அணை, குறுவைக்கு உரிய சூன் 12ஆம் நாளில் திறக்கப்பட்டது. உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி வெளிகளுக்கும் இடம் பெயர்ந்தன. காய்கறி ஏற்றிய வண்டிகள் தெருத்தெருவாகச் சென்றன. ஆகஸ்டு 7ஆம் நாள் மராட்டியத்துத் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூர் வரை முதல் உழவர் இரயில் காய்கனிகளுடன் புறப்பட்டது. ஏப்பிரல் முதல் சூன் வரை நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியபோது, உழவுத்தொழில் ஒன்றே 3 விழுக்காட்டிற்கு மேல் வளர்ந்தது.

இவ்வளர்ச்சியைக் கொண்டு உழவர் அனைவரும் நலமாக இருந்தனர் என்று கருதுதல் பிழையாகும். விளைச்சலின் அளவு வேறு. உழவன் கையில் எஞ்சும் பொருள் வேறு. அரசு கொள்முதல் செய்யும் நெல்லுக்கும் கோதுமைக்கும் ஒரு விலை உறுதி இருந்தது. காய்க்கும் கனிக்கும் மலருக்கும் அவ்வுறுதி இல்லை. மேலும், நகரத்திலிருந்து மகன் அனுப்பிய பணத்தைக் கொண்டு விதையும் உரமும் வாங்கிய குடும்பத்திற்கு, அம்மகனே வெறுங்கையுடன் திரும்பி வந்தான். பஞ்சாபில் கைகள் போதாமல் இருந்தபோது, பீகாரில் கைகள் வேலையின்றி இருந்தன. ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் 2020-21ஆம் ஆண்டில் ஏறத்தாழ 389 கோடி மனித நாள் வேலை வழங்கப்பட்டது. அத்திட்டம் 2006ஆம் ஆண்டில் தொடங்கியது முதல் அதுகாறும் காணாத அவ்வளவு, சிற்றூர்களின் நெருக்கடி எத்துணைப் பெரிது என்பதை உணர்த்தும்.

உலகெங்கும் இம்முரண்பாடு காணப்பட்டது. அமெரிக்க நாட்டில் பள்ளிகளும் உணவகங்களும் மூடப்பட்டதால் பண்ணையாளர் பாலை நிலத்தில் கொட்டினர்; அதே நாட்டில் இலவச உணவு பெறுவதற்கு மக்கள் நெடுவரிசையில் நின்றனர். வியத்துநாம் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் புதிய அரிசி ஏற்றுமதியைச் சிலகாலம் நிறுத்தியதும், அரிசியை வெளியிலிருந்து வாங்கும் நாடுகள் கலங்கின. அவ்வாண்டில் உலகில் பசியால் வாடியோர் 72 கோடிக்கும் 81 கோடிக்கும் இடைப்பட்டோர் என ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டன. முந்தைய ஆண்டைவிட இத்தொகை பெரிதும் மிகுந்திருந்தது. 2020ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு உலக உணவுத் திட்டம் என்னும் அமைப்பிற்கு வழங்கப்பட்டதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

இரு கொள்ளைநோய்களும் கற்பித்த பாடங்கள் தெளிவானவை. நிரம்பிய களஞ்சியம் நாட்டின் முதற்காவல். ஆனால், களஞ்சியம் தானியத்தை மட்டுமே காக்கும். அழுகும் பொருளை விளைவிக்கும் உழவனைக் காக்க ஊருக்கு அருகே குளிர்பதனக் கிடங்கும், கனியைப் பதப்படுத்தும் தொழிலும், பாலுக்கு அமைந்தது போன்ற கூட்டுறவும் வேண்டும். ஒரே பெருஞ்சந்தையை நம்பியிராமல் பல சிறு சந்தைகள் வேண்டும். வேலை தேடிச் செல்வோனுடன் அவனது உணவுரிமையும் உடன் செல்லுதல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தே, நாட்டின் எப்பகுதியிலும் பங்கீட்டு அட்டை செல்லும் முறை விரிவுபடுத்தப்பட்டது. தமிழ்நாடு 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அதில் சேர்ந்தது.

கொள்ளைநோய் மீண்டும் வாராது என்று உறுதி கூறுதல் எவருக்கும் இயலாது. அது வரும்போது மருத்துவமனையில் மருத்துவர் விழித்திருப்பது போலவே, வயலில் உழவனும், சாலையில் லாரி ஓட்டுநனும், அங்காடியில் சுமைதூக்குவோனும் விழித்திருக்கின்றனர். மருந்து நோயாளிக்கு மட்டும் வேண்டும். உணவோ நோயாளிக்கும் வேண்டும், நலமுடையோனுக்கும் வேண்டும். ஊர் முழுவதும் கதவடைத்து இருந்த நாள்களிலும் விடியலில் ஏர் கட்டியவர் உண்டு. அவர் விளைவித்தது உரிய விலைக்கு விற்கவும், விற்றது பசித்தோர் கலத்தை அடையவும் வழிசெய்து வைப்பதே நோய் இல்லாத நாளில் செய்ய வேண்டிய பணியாகும்.